அம்சாக்கா பழக்கிய கல்

ஜனவரி 5, திங்கள்

இந்த டைரியைக் கும்பகோணத்து மொத்த வியாபாரி அனுப்பியிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு குக்கர் விளம்பரம். பதினேழு வருடமாக அனுப்புகிறார். இதற்கு முந்தைய பதினாறையும் என் மனைவி அம்சா கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பார்க்க எடுத்துக்கொண்டாள். இது மட்டும் என் மேசையிலேயே கிடந்தது. அதனால் எழுதுகிறேன்.

காலையில் மூன்று தோசைக் கல் பழக்கினேன். தோசை ஒன்பது. பால்காரர் பழக்க தோஷத்தில் இன்றும் அரை லிட்டர் வைத்துவிட்டுப் போய்விட்டார். கால் லிட்டர் போதும் என்று மறுபடியும் சொல்லவேண்டும்.

அம்சாவின் போனில் பதினொரு கேள்விகள். பதில் போட்டாயிற்று.

ஜனவரி 8, வியாழன்

மயிலாடுதுறையில் எங்கள் கடைக்கு நாற்பத்தெட்டு வயது. ரத்தினம் பாத்திர மாளிகை. ரத்தினம் என் அப்பா. அவர் காலத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு வந்து சீர்ப் பாத்திரம் எடுக்கும். என் காலத்தில் பாதிக் குடும்பம் வந்தது. இப்போது யாரும் வருவதில்லை, ஆனால் பார்சல் மட்டும் தினமும் போகிறது.

காரணம் முகநூலில் உள்ள ஒரு குழு. பெயர் ‘இரும்புக் கல்லும் முறுகல் தோசையும்’. நாற்பத்தோராயிரம் பேர். நான் அதில் இல்லை. வீட்டுக்கு ஒருவர் போதும் என்று இருந்துவிட்டேன். அம்சா ஏழு வருடத்துக்கு முன்பு சேர்ந்தாள். புதுக் கல்லைக் கஞ்சித் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, எண்ணெய் தடவிக் காயவிட்டு, வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்துப் பழக்குவது எப்படி என்று யாருக்கோ விளக்கினாள். அந்த யாரோ, நீங்களே பழக்கி அனுப்புங்களேன் அக்கா என்றார். அன்றிலிருந்து ‘அம்சாக்கா பழக்கிய கல்’ காஷ்மீர் வரை போகிறது. கல் வாங்குகிறவர்களுக்கு அவர்கள் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் இலவசம். அதுவும் அவள் யோசனைதான். பெயர் வெட்டுவது நான்.

கும்பகோணத்துக்காரர் இப்போதெல்லாம் சரக்கு எடுக்கும் முன் எனக்குப் போன் செய்து, “குழுவுல இந்த வாரம் என்ன பேச்சு?” என்று கேட்கிறார். போன மாதம் கல்சட்டி என்று பேசினார்கள். தமிழ்நாட்டில் கல்சட்டி கிடைக்கவில்லை. பிறகு ஒரு பெண்மணி இரும்புச் சட்டியில் ரசம் வைத்து அது கறுத்துப்போனதைப் படம் போட்டார். வாக்குவாதத்தில் எண்ணூறு பேர் வெளியேறி ‘வெண்கல வழி’ என்று தனிக் குழு கண்டார்கள். மதங்கள் இப்படித்தான் பிரிந்திருக்கவேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

குழுவின் விதிப்படி வியாபாரப் பதிவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் அனுமதி. அம்சாவின் போனிலிருந்து போட்டேன். பதினான்கு ஆர்டர்.

ஜனவரி 13, செவ்வாய்

இன்று ஒரு வாடிக்கையாளர் நேரிலேயே வந்தார். இரும்புப் பணியாரச் சட்டி ஒன்றைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சட்டியைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டு நின்றார். கல்லாவுக்குக் கீழே அம்சாவின் போன் சிணுங்கியது. ‘அம்சாக்கா, உங்க கடையிலதான் நிக்கிறேன். இதை வாங்கலாமா?’

நான் குனிந்து, ‘தாராளமா வாங்குங்க, குழி ஆழமா இருக்கும், அடி பிடிக்காது’ என்று எழுதினேன். நிமிர்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

“அக்காவே சொல்லிட்டாங்க,” என்றார்.

“அப்படியா?”

“நீங்க அவங்க வீட்டுக்காரரா? அக்கா உள்ள இருக்காங்களா, ஒரு செல்பி எடுத்துக்கணும்.”

“இல்லம்மா. வெளியில போயிருக்கா.”

“எப்ப வருவாங்க?”

“சொல்லிட்டுப் போகல.”

பார்சல் கட்டிக்கொண்டிருந்த ரெஜினா கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாகக் கடையில் இருக்கிறாள். எதையும் சொல்லாமல் பார்க்கத் தெரிந்தவள்.

ஜனவரி 15, பொங்கல்

கடை விடுமுறை. அம்சாவுக்கு 1,312 பொங்கல் வாழ்த்து. எனக்குக் குக்கர் கம்பெனியிலிருந்து ஒன்று.

ஜனவரி 23, வெள்ளி

ரெஜினா இன்று வாயைத் திறந்தாள்.

“அண்ணே, அடுத்த மாசம் அக்காவுக்கு வருஷத் திதி வருதே, என்ன பண்றதா இருக்கீங்க?”

“இருபத்து மூணாந்தேதி. டம்ளர் குடுக்கலாம்னு இருக்கேன், பேர் வெட்டி.”

“அதச் சொல்லல. இந்தப் போனு.”

“அதுக்கென்ன?”

“காலையில நான் போனைத் திறந்தா அக்கா பேருல பச்சைப் புள்ளி எரியுது. மொத ரெண்டு மாசம் ஜெபமாலையக் கையில எடுத்துக்கிட்டுதான் பாப்பேன். இப்ப பழகிப்போச்சு. ஆனா அந்த ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ணே.”

சொல்லியிருக்கலாம்தான். போன வருடம் மார்ச் ஐந்தாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இந்தப் போன் அவள் தலையணைக்கு அடியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. ‘அக்கா, கல்லுல தோசை ஒட்டுது, என்ன பண்ண?’ வீட்டில் உறவினர்கள் இருந்தார்கள். எல்லாரும் என்னிடம் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. இந்தப் பெண் ஒருத்திதான் கேட்டாள். ‘வெங்காயம் தேய்’ என்று எழுதினேன். ஒரு பதில் போட்டால் அடுத்த கேள்வி வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஜனவரி 28, புதன்

பெரும்பாலான கேள்விகளுக்கு நான் யோசிப்பதே இல்லை. குழுவில் அம்சாவின் பெயரைப் போட்டுத் தேடினால் ஆறு வருடத்தில் அவள் எழுதிய 1,846 பதில்கள் வருகின்றன. கேட்பவர்தான் புதியவர், கேள்வி பழையது. எடுத்து ஒட்டிவிடுவேன்.

என் சமையலும் அப்படித்தான் நடக்கிறது. புளிக்கு எவ்வளவு தண்ணீர், பெருங்காயம் எப்போது, எல்லாம் அவள் யார் யாருக்கோ எழுதியிருக்கிறாள். மதுரைக்கு, தூத்துக்குடிக்கு, டொரோன்டோவுக்கு. எனக்கு அவள் இவ்வளவு விளக்கமாக எதையும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் கோமளா. மஸ்கட்டில் இருக்கும் பெண். வெங்காயம் தேய்க்கச் சொன்னது இவளுக்குத்தான். அங்கே அப்போது நாலரை. கணவன் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான். ‘அக்கா, எந்திரிச்சாச்சா?’ என்று அனுப்புவாள். எழுந்தாச்சு என்று பதில் போடவேண்டியிருப்பதால் நானும் ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறேன்.

இன்று கூடவே ஒரு கேள்வி: ‘உங்க வீட்டுக்காரர் சாப்பாடு நல்லாருந்தா சொல்வாராக்கா? இவரு வாயே தொறக்க மாட்டேங்கிறாரு.’

இதற்குப் பழைய பதில் இருக்குமா என்று ‘வீட்டுக்காரர்’ என்று போட்டுத் தேடினேன். ஒன்று கிடைத்தது. 2020 ஜூன். சுண்டைக்காய் வற்றக்குழம்பு, சுட்ட அப்பளம், படம். கீழே அவள் எழுதியிருந்தாள்: ‘எங்க வீட்டுல ரெண்டே பேர்தான். அவர் எதுவும் சொல்ல மாட்டார். நீங்களாவது சொல்லுங்க எப்படி இருக்குன்னு.’

ஆயிரத்து இருநூறு பேர் ‘சூப்பர்’ என்று சொல்லியிருந்தார்கள்.

கோமளாவுக்கு எழுதினேன்: ‘சொல்ல மாட்டார். ஆனா ரெண்டாந்தடவை போட்டுக்கிட்டா நல்லாருக்குன்னு அர்த்தம்.’

உடனே வந்தது: ‘அது போதுமாக்கா?’

இதற்கு 1,846-இல் பதில் இல்லை.

பிப்ரவரி 4, புதன்

கல் நான்கு. தோசை பன்னிரண்டு. புதுக் கல்லில் முதல் இரண்டு தோசை பிய்ந்துதான் வரும். அம்சா அவற்றை என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு வைத்தது எப்போதும் முழுத் தோசை.

பிப்ரவரி 14, சனி

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நினைவு டம்ளர்கள் வெட்டினேன். நாற்பது. ‘சி. அம்சவல்லி நினைவாக’, கீழே இறந்த தேதி, அதற்குக் கீழே கடையின் பெயர். கல்யாணம், காதுகுத்து, கோயில் அண்டா என்று லட்சம் பெயர் வெட்டியிருப்பேன். இந்தப் பெயரை வெட்டியதில்லை. எங்கள் வீட்டுப் பாத்திரம் எதிலும் அவள் பெயர் கிடையாது. கடைக்காரன் வீட்டில் எந்தப் பாத்திரம் யாருடையது என்று யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது?

எல்லாவற்றையும் தினத்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். ரெஜினா கோயிலுக்குப் போய்விட்டாள். பார்சல் ஆறும் நானே கட்டினேன். அதில் ஒன்று கோமளாவுடையது. ஏப்ரலில் ஊருக்கு வருகிறாளாம். கல்லைப் புதுக்கோட்டையில் அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தாள். அவள் கல்லை மட்டும் நாலு நாள் ஊறவைத்திருந்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கோமளாவின் அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். பார்சலைப் பிரித்து, கல்லையும் டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு ரோஜாப்பூ வைத்துப் படமெடுத்துப் போட்டார். ‘அம்சாக்கா அன்பா அனுப்பினது. நன்றி அக்கா.’ அம்மாள் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் லைக் போட்டார்கள். நாற்பது பேர் ‘அழகு’ என்றார்கள். ஒருவர் டம்ளர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். முந்நூற்றுப் பதின்மூன்றாவது ஆள்தான் படத்தைப் பெரிதாக்கி, டம்ளரில் இருப்பதைப் படித்தார்.

ரெஜினா ஓடிப்போய் அட்டைப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்பது இருந்தன. நாற்பதாவதில் ‘கோமளா’ என்று இருந்தது.

“நான் இருந்திருந்தா இது நடந்திருக்காதுண்ணே.”

“தெரியும்.”

“ரெண்டையும் ஒரே எடத்துலயா வெப்பாங்க?”

நாற்பத்தெட்டு வருடத்தில் இந்தக் கடையில் டம்ளர் மாறிப் போனதில்லை.

பிப்ரவரி 21, சனி

காலை ஆறு மணி. யாரும் எதுவும் கேட்கவில்லை.

குழுவில் முதல் இரண்டு மணி நேரம் இரங்கல். அடுத்து ஆராய்ச்சி. இறந்த தேதிக்குப் பிறகு அம்சா எழுதிய பதில்களை ஒருவர் பட்டியலிட்டார். எழுநூற்று ஆறு. எனக்கே தெரியாது. ஒருவர் ஆவி என்றார். ஒருவர் மோசடி என்றார். ஆவியோ மோசடியோ, பதில்கள் சரியாக இருந்தன என்று திருநெல்வேலிக்காரர் ஒருவர் எழுதினார். அவரைக் கடைக்காரனின் ஆள் என்றார்கள்.

மத்தியானம் அம்சாவின் கணக்கிலிருந்து எழுதினேன்: ‘நான் அம்சவல்லியின் கணவன் சிங்காரவேலு. அவள் போன வருடம் மார்ச் ஐந்தாம் தேதி இறந்துவிட்டாள். அதன் பிறகு எழுதியதும் கல் பழக்கியதும் நான். வேண்டாம் என்பவர்கள் கல்லைத் திருப்பி அனுப்பலாம்.’

சாயங்காலம் வாக்கெடுப்பு வைத்தார்கள். அம்சாக்கா கணக்கை நீக்கலாமா? நீக்கலாம், வேண்டாம் என்று இரண்டு பதில். மூன்றாவதாக யாரோ ஒருவர் சேர்த்திருந்தார்: ‘நீக்கலாம், ஆனால் என் கல் வந்து சேர்ந்த பிறகு.’ அது அமோகமாக ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

குழுவை நடத்துகிற ஷர்மிளா கோயமுத்தூரிலிருந்து போன் செய்தார்.

“இத்தனை நாளா என்ற கூடப் பேசுனது நீங்களாங்க?”

“ஆமாம்மா.”

“ஆகஸ்ட்ல எனக்கு ஆபரேசன். அதை நான் அக்காகிட்ட மட்டுந்தானுங்க சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“என்ன பதில் போட்டீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?”

“ஆறு வாரத்துக்கு இரும்புக் கல்லை நீ தூக்காத, வீட்டுல மத்தவங்க தூக்கட்டும்னு.”



“எங்கூட்டுல யாரும் அதைச் சொல்லலைங்க,” என்றார். பிறகு குரலைச் சரி செய்துகொண்டார். “ஆனா நாலாவது விதிங்க. ஒருத்தர் பேருல இன்னொருத்தர் எழுதக்கூடாது. இதை விட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஆரம்பிச்சுருவாங்க. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கணக்கை எடுத்துருவேனுங்க.”

“எடுத்துக்குங்க. வியாபாரம் போனாப் போகுது. ஒண்ணு மட்டும் கேக்கணும். கணக்கை எடுத்துட்டா அவ எழுதினதெல்லாம் அழிஞ்சுடுமா?”

“அழியாதுங்க. அப்படியே இருக்கும். ஆனா உறுப்பினருங்க மட்டுந்தான் படிக்க முடியும்.”

“நான் உறுப்பினர் இல்லையே.”

“பாத்திரக் கடை வெச்சிருக்கறீங்க. சம்சாரம் ஆறு வருசம் எழுதியிருக்காங்க. ஒரு நாளும் சேரோணும்னு தோணலைங்களா?”

வீட்டுக்கு ஒருவர் போதும் என்ற விளக்கம் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

திதி. முப்பத்தொன்பது பேருக்கு நினைவு டம்ளர். நாற்பதாவதாக வந்தவர் மூத்த மைத்துனர். அவருக்குக் ‘கோமளா’ போய்ச் சேர்ந்தது. படிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து அவள் பதில்களை இந்த டைரியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இதுவரை முப்பத்தொன்று. அவள் வேகமாக எழுதுகிறவள். நான் மெதுவாகப் படிக்கிறவன். படித்தால் எழுத முடிவதில்லை.

ரெஜினா பார்த்துவிட்டு, “இது என்னண்ணே அநியாயமா இருக்கு. ஸ்கிரீன்ஷாட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஆர்டர் எதுவும் இல்லாததால் நாள் முழுக்க அதையே செய்தாள். நானூற்றுச் சொச்சம் எடுத்ததும் போனில் இடம் தீர்ந்துவிட்டது.

“எதையாவது அழிச்சாத்தான் எடுக்க முடியும். என்ன அழிக்கட்டும்?”

அதில் அம்சா எடுத்த படங்கள் மட்டும்தான் இருந்தன. வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

ஆறு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயமுத்தூர்க்காரர்கள் நேரம் தவறுவதில்லை. பாதி பதிலில் திரை வெளுத்தது. முருங்கைக்கீரை கசக்காமல் வதக்க, முதலில்...

பிப்ரவரி 26, வியாழன்

ஆறே முக்காலுக்கு எழுந்தேன். இன்று பால் சரியாகக் கால் லிட்டர் வந்தது.

மார்ச் 1, ஞாயிறு

ரெஜினா எனக்கு ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள். படம் எடுக்கும்போது சிரிக்கச் சொன்னாள். நாலு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, “சரி, அண்டா படத்தையே போட்டுருவோம்,” என்றாள்.

குழுவில் சேர மூன்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். ஏன் சேர விரும்புகிறீர்கள்? தோசை ஒட்டுகிறது என்று எழுதினேன். இரும்பா, நான்ஸ்டிக்கா? இரும்பு. உங்களைப் பரிந்துரைத்தவர் யார்?

வெகுநேரம் யோசித்து அம்சவல்லி என்று எழுதினேன்.

‘உங்கள் கோரிக்கை நிலுவையில் உள்ளது’ என்று வந்தது.

மார்ச் 3, செவ்வாய்

கடை போனுக்கு மஸ்கட் எண்ணிலிருந்து ஒரு செய்தி. முதன்முறையாக அக்கா என்று தொடங்கவில்லை. எதுவென்றும் தொடங்கவில்லை.

‘அந்த டம்ளரைத் திருப்பி அனுப்பணுமா?’

‘வேண்டாம்மா.’

‘அம்மா அதுலதான் காபி குடிக்கிறாங்க. பரவால்லையா?’

‘பரவாயில்லை.’

பிறகு ஒன்றும் வரவில்லை. தப்பு என்னுடையது என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 4, புதன்

கல் ஒன்று திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தேன். நன்றாகப் பழகியிருந்தது.

மார்ச் 5, வியாழன்

காலை பத்தரை மணிக்கு என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஷர்மிளா வேறு எதுவும் எழுதவில்லை. தேதியைப் பார்த்துச் செய்தாரா என்று தெரியாது. கேட்கப்போவதில்லை.

நேராக 2020 ஜூனுக்குப் போனேன். படம் இருந்தது. வாழையிலை, சோறு, குழம்பு, விளிம்பில் கருகிய அப்பளம். இலையின் ஓரத்தில் என் கை முட்டி தெரிகிறது. இதுவரை நான் கவனிக்கவில்லை. அவள் படமெடுத்தபோது நான் எதிரேதான் இருந்திருக்கிறேன். அன்று இரண்டாந்தடவை போட்டுக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் பார்த்திருப்பாள் என்றும் நினைக்கிறேன்.

ஆயிரத்து இருநூறு ‘சூப்பர்’களுக்குக் கீழே இறங்கிப்போய், கடைசியில், ‘நன்றாக இருந்தது’ என்று எழுதினேன்.

மார்ச் 6, வெள்ளி

பழைய பதிவில் யாராவது கருத்து எழுதினால் அது மேலே வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. காலையில் திறந்தால் அம்சாவின் வற்றக்குழம்பு குழுவின் உச்சியில் நாற்பத்தோராயிரம் பேருக்கு முன்னால் இருக்கிறது. யார் யாரோ லைக் போட்டிருந்தார்கள். பட்டியலைக் கீழே வரை பார்த்தேன். கோமளாவின் பெயர் இருந்தது.

பழைய பதிவுகளைத் தோண்டக்கூடாது என்பது ஒன்பதாவது விதி என்று ஒருவர் நினைவூட்டியிருந்தார்.

நேற்றுத்தான் சேர்ந்த, ஒன்றும் தெரியாத ஒரு பெண், ‘பாக்கவே நல்லாருக்கு, இந்தக் குழம்பு எப்படி வைக்கிறதுக்கா?’ என்று அம்சாவைக் கேட்டிருந்தாள். மற்றவர்கள் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிருந்தார்கள். மூன்று மணி நேரமாக அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

அவள் பதிலைத் தேடினால் கிடைக்கும். இப்போது நானும் உறுப்பினர்தான். தேடவில்லை.

‘அவள் இல்லையம்மா. நான் அவள் வீட்டுக்காரர். இந்தக் குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன், வைத்ததில்லை. இன்று வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று என் பெயரில் எழுதினேன்.

புளி ஊறிக்கொண்டிருக்கிறது.